கலம் செவ்வாயில் நிற்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

டர்பன் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் அதே அறையில் விண்கலப் பயிற்சி நடத்துகிறோம். நாசாவின் கொடார்ட் விண்வெளி மையம் இலவசமாகத் தரும் ஜிமேட் மென்பொருளில், பூமியை விட்டுப் புறப்பட்ட ஒரு கலத்தைச் செவ்வாயைச் சுற்றும் பாதையில் சேர்ப்பதுதான் பயிற்சி. ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர்கள் வருகிறார்கள். பிழைகளில் பெரும்பாலானவை பழையவையே. "அண்ணா, என் கலம் நிற்காமல் போய்விட்டது" என்று யாராவது அழைத்தால் நான் பார்க்கும் இடங்களும் பார்க்கும் வரிசையும் இப்போது ஏறக்குறைய நிலைத்துவிட்டன. அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். கலம் நிற்கவில்லை என்றதும் எல்லோருடைய கையும் என்ஜின் எவ்வளவு வேகத்தை மாற்ற வேண்டும் என்ற எண்ணுக்குத்தான் போகிறது. அதைக் கடைசியில் தொடுங்கள். செவ்வாயருகே தெரியும் பிழை பெரும்பாலும் பல மாதப் பயணத்துக்கு முன்பே, அலகிலோ நேரத்திலோ குறிவைத்த புள்ளியிலோ விழுந்திருக்கும். என்ஜினைக் கூட்டிக் குறைத்து அதை மூடினால் அடுத்த ஓட்டத்தில் வேறு வடிவில் திரும்பி வரும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் கோப்பைப் புதுப் பெயரில் சேமியுங்கள். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். மின்வெட்டு அட்டவணையில் உங்கள் பகுதி இருக்கும் நாளில் நீண்ட ஓட்டத்தைத் தொடங்காதீர்கள்.

## அறிகுறி 1: கலம் செவ்வாய்ப் பக்கமே போகவில்லை

செவ்வாயிலிருந்து பல லட்சம் கிலோமீட்டர் தள்ளி, வெறும் வெளியில் பாதை முடிகிறது.

நேரம். முதலில் இதைப் பாருங்கள். நம் கைக்கடிகாரம் உலக நேரத்தைவிட இரண்டு மணி முன்னால் ஓடுகிறது. செவ்வாய் சூரியனைச் சுற்றும் வேகம் வினாடிக்குச் சுமார் 24 கிலோமீட்டர். தொடக்க நேரத்தைத் தென்னாப்பிரிக்க நேரத்தில் எழுதிவிட்டால், கலம் வந்து சேரும்போது செவ்வாய் ஏறக்குறைய 1,70,000 கிலோமீட்டர் விலகி நிற்கும். கோள்களின் நிலையைக் கணக்கிடப் பயன்படும் டிடிபி நேரத்தையும் உலக நேரமான யுடிசியையும் குழப்பினால் பிழை சிறியது: வித்தியாசம் இப்போது 69 வினாடிதான். ஆனால் அந்த 69 வினாடியில் செவ்வாய் 1,600 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். சுற்றுப்பாதையைக் கெடுக்க அது தாராளமாகப் போதும்.

காற்புள்ளி. இது நம் நாட்டுக்கே உரிய தொல்லை. தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள விண்டோஸ் கணினி தசமத்துக்குப் புள்ளி வைக்காமல் காற்புள்ளி வைக்கிறது. ஜிமேட் எழுதிய அறிக்கையை எக்செலில் திறந்தால் புள்ளி வைத்த எண்ணை அது எண்ணாக ஏற்காமல் எழுத்தாக எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கிருந்து வேகத்தை வெட்டி ஒட்டுபவர்கள் அடிபடுவது இதில்தான். கணினியின் வட்டார அமைப்பில் தசமக் குறியைப் புள்ளியாக மாற்றிவிட்டு அறிக்கையை மறுபடி திறந்து பாருங்கள்.

ஆய அச்சு. கலத்தின் தொடக்க வேகத்தைப் பூமியின் நடுக்கோட்டுத் தளத்தில் கொடுத்தீர்களா, பூமி சூரியனைச் சுற்றும் தளத்தில் கொடுத்தீர்களா? இரண்டுக்கும் இடையே 23.4 பாகை சாய்வு இருக்கிறது. அச்சின் பெயரைத் தவறாகத் தேர்ந்தால் வேகத்தின் அளவு சரியாகவே இருக்கும், திசை மட்டும் போய்விடும். அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை.

நிறுத்தும் நிபந்தனை. "செவ்வாய்க்கு மிக அருகில் வரும்போது நில்" என்ற கட்டளையைப் புறப்பட்ட உடனேயே கொடுத்தால், செவ்வாயுடனான தூரம் ஒரு தடவை குறைந்து கூடும் எந்த இடத்திலும் ஓட்டம் நின்றுவிடலாம். முதலில் நாள் கணக்கில் ஓட்டுங்கள். செவ்வாய் நெருங்கிய பிறகு அந்த நிபந்தனையைக் கொடுங்கள்.

இந்த நான்கும் சரியாக இருந்தும் கலம் செவ்வாயைத் தொடவில்லை என்றால் புறப்பாட்டு நாளோ புறப்பாட்டு ஆற்றலோ பொருந்தவில்லை என்று பொருள். செவ்வாய்க்குப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. நாளை மாற்றி மாற்றித் தேடாமல், விண்ணியக்கவியல் சொல்லித்தரும் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரிடம் புறப்பாட்டுக் கணக்கைக் காட்டுங்கள்.

## அறிகுறி 2: அருகே போகிறது, நிற்காமல் தாண்டிவிடுகிறது

எங்கள் அறையில் அதிகம் கேட்கும் முறையீடு இதுதான். சோதிக்க வேண்டியவை மலிவானதிலிருந்து விலையுயர்ந்ததுவரை கீழே வருகின்றன.

குறி. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருக்க வேண்டும். இல்லையென்றால் என்ஜின் கலத்தை மேலும் விரட்டுகிறது. எரிப்புக்கு (என்ஜினை இயக்கி வேகத்தை மாற்றும் செயலுக்கு) முன்னும் பின்னும் செவ்வாயை மையமாக வைத்து, பாதையின் வடிவைக் காட்டும் எண்ணான மையப்பிறழ்ச்சியைப் பாருங்கள். 1-க்கு மேல் இருந்தால் கலம் தப்பிப்போகும், 1-க்குக் கீழே வந்தால் பிடிபட்டது. எரிப்புக்குப் பின் எண் கூடியிருந்தால் குறிதான் தவறு.

எரிப்பின் மையம். எரிப்பை உருவாக்கும்போது ஜிமேட் அதன் மையத்தைப் பூமி என்றே வைத்துக்கொள்கிறது. நீங்கள் மாற்றும்வரை அது மாறாது. "வேகத்துக்கு எதிராகத் தள்ளு" என்ற கட்டளை அப்போது பூமியைப் பொறுத்த வேகத்துக்கு எதிராகத் தள்ளும். செவ்வாயைப் பொறுத்த வேகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஒரு மாணவி மைனஸ் 1.1 என்று வைத்தாள், பிறகு 1.5, பிறகு 2. பாதை ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் வளைந்ததே தவிர மூடவில்லை. எரிப்புப் பெட்டியைத் திறந்தால் மூன்றாவது வரியில் "ஆரிஜின்: எர்த்". அந்த ஒரு சொல்லை மாற்றி முதல் எண்ணையே போட்டதும் பாதை மூடிக்கொண்டது.

செவ்வாயின் ஈர்ப்பு. பயண விசைப் பட்டியலில் சூரியனும் பூமியும் இருந்து செவ்வாய் விடுபட்டிருந்தால், கலம் வளையாமல் நேர்கோட்டில் கடந்துபோகும். கண்டுபிடிப்பது எளிது: குறிவைத்த தூரமும் உண்மையில் கடந்த தூரமும் ஒன்றாக இருந்தால் ஈர்ப்பு கணக்கில் சேரவே இல்லை.

எரிப்பின் அளவு. இங்கேதான் என்ஜின் எண்ணுக்கு வருகிறோம். செவ்வாயின் தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் விடுபடு வேகம், அதாவது ஈர்ப்பிலிருந்து தப்பிப்போகத் தேவையான வேகம், வினாடிக்கு 4.75 கிலோமீட்டர். தொலைவிலிருந்து வினாடிக்கு 2.5 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கலம் அந்த உயரத்தில் 5.37 வேகத்தில் பாயும். ஆகவே குறைந்தது 0.62 குறைக்க வேண்டும். வரும் வேகம் 3 என்றால் 0.87, 3.5 என்றால் 1.15, 5 என்றால் 2.15. உங்கள் எண் இதற்குக் கீழே இருந்தால் கலம் நிற்காது.

வட்டப் பாதைக்கு ஆசைப்படாதீர்கள். 2014 செப்டம்பர் 24 அன்று இந்தியாவின் மங்கள்யான் வினாடிக்கு ஏறக்குறைய 1,099 மீட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அருகே 422 கிலோமீட்டர், தொலைவே சுமார் 77,000 கிலோமீட்டர் என்ற நீள்வட்டத்தில் நின்றது. அந்த 422 கிலோமீட்டரில் விடுபடு வேகம் 4.74, மங்கள்யானின் வேகம் 4.63. தப்பிப்போகும் எல்லைக்குக் கீழே வினாடிக்கு நூற்றுப் பத்து மீட்டர் மட்டும் இறங்கி அது நின்றுகொண்டது. அதே உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டுமானால் இன்னும் 1.28 கிலோமீட்டர் குறைத்திருக்க வேண்டும், எரிபொருள் அதற்கு இடம் தந்திருக்காது. முதலில் பிடிபடுவது, பிறகு சுருக்குவது என்பதே சரியான வரிசை. மார்ஸ் ரீகானசன்ஸ் ஆர்பிட்டர் 2006-இல் செவ்வாயின் மேல்காற்றில் மாதக்கணக்கில் உரசி உரசித்தான் தன் பாதையைச் சுருக்கிக்கொண்டது.

எரிப்பு தொடங்கும் நேரம். கணத்தில் முடியும் எரிப்பை விட்டு உண்மையான எரிப்புக்கு மாறியவர்கள் இதைப் பாருங்கள். மங்கள்யானின் என்ஜின் ஏறக்குறைய 23 நிமிடம் எரிந்தது. வினாடிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் பாதை. மிக அருகில் வரும் புள்ளியில் என்ஜினைத் தொடங்கினால் எரிப்பு முழுவதும் செவ்வாயை விட்டு விலகும்போதே நடந்து, அதில் ஒரு பகுதி வீணாகும். மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதியை முன்னாலேயே செலவிடும்படி தொடக்கத்தை நகர்த்துங்கள்.

வரும் வேகமே அதிகம். இதுதான் விலையுயர்ந்த காரணம். நியூ ஹரைசன்ஸ் 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவை வினாடிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. அந்த வேகத்தை இழக்கும் அளவு எரிபொருளை அதனால் சுமந்திருக்க முடியாது, அது கடந்துபோகவே அனுப்பப்பட்டது. புதனில் நின்ற மெசெஞ்சர் மாற்று வழியில் போனது: 2004 ஆகஸ்டில் புறப்பட்டு, பூமியை ஒரு முறை, வெள்ளியை இரு முறை, புதனை மூன்று முறை கடந்து வேகத்தைச் சரிசெய்துகொண்டு 2011 மார்ச் 18 அன்று சுற்றுப்பாதையில் சேர்ந்தது. உங்கள் கலத்தின் வரும் வேகம் என்ஜினின் திறனைத் தாண்டினால் எரிப்பில் தீர்வு இல்லை. பாதையையே மாற்ற வேண்டும், அந்த வேலைக்குக் கட்டாயம் அனுபவமுள்ளவர் துணை வேண்டும்.

## அறிகுறி 3: கலம் தரையில் மோதுகிறது, அல்லது காற்றுக்குள் இறங்கிவிடுகிறது

இந்த அறிகுறியை நிதானமாகப் படியுங்கள். உண்மைக் கலம் ஒன்றைப் பலிகொண்ட பிழை இதில் இருக்கிறது.

குறிவைத்த தூரத்தைக் கடக்கும் தூரமாக எண்ணியது. மாணவர் 400 கிலோமீட்டர் உயரம் வேண்டும் என்று செவ்வாயின் ஆரம் 3,396-உடன் 400-ஐக் கூட்டி, 3,796-ஐப் பி-தளத்தில் குறியாக வைக்கிறார். கலம் நேராகத் தரையில் மோதுகிறது. பி-தளம் என்பது ஈர்ப்பு இல்லையென்றால் கலம் எங்கே கடக்கும் என்று காட்டும் தளம். ஈர்ப்பு உள்ளே இழுப்பதால் வெளியே தள்ளிக் குறிவைக்க வேண்டும். வரும் வேகம் வினாடிக்கு 3 கிலோமீட்டர் என்றால், 400 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க மையத்திலிருந்து சுமார் 7,110 கிலோமீட்டர் தள்ளிக் குறிவைக்க வேண்டும். 6,620-க்கு உள்ளே குறி வைத்தால் கலம் தரையைத் தொடும்.

வேகத் திருத்தத்தின் அலகு. ஜிமேட் வேகத்தைக் கிலோமீட்டரில் கேட்கிறது. பாடக்குறிப்பில் திருத்த இயக்கங்கள் மீட்டரில் இருக்கும். இன்னும் 200 நாள் பயணம் இருக்கும்போது வினாடிக்கு 1 மில்லிமீட்டர் பிழை, செவ்வாயில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் ஆகிறது. 1 மீட்டர் பிழை 17,000 கிலோமீட்டர் ஆகிறது.

சூரிய ஒளியின் தள்ளல். விசைப் பட்டியலில் இது தானாக இருக்காது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பத்துச் சதுர மீட்டர் பரப்பும் ஆயிரம் கிலோ எடையும் உள்ள கலத்தை ஒளி 200 நாளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிவிடும். திருத்தம் கணக்கிட்ட ஓட்டத்தில் ஒளி இல்லை, சரிபார்த்த ஓட்டத்தில் இருக்கிறது என்றால் இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

ஒவ்வொரு கணிப்பிலும் உயரம் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கணிப்பில் 220, அடுத்ததில் 170, அதற்கடுத்து 110 என்று ஒரே பக்கமாக இறங்கினால் அதைத் தற்செயல் என்று விடாதீர்கள். தற்செயல் பிழை ஏறும், இறங்கும். ஒரே பக்கம் போவது கணக்கில் சேராத ஒரு விசையின் அடையாளம்.

1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டருக்கு நடந்தது இதுதான். கலத்தின் திசையைக் கட்டுப்படுத்தும் சுழற்சக்கரங்களில் சேரும் வேகத்தைக் கழிக்கச் சிறு உந்திகள் அவ்வப்போது இயங்கின. ஒவ்வொரு இயக்கமும் எவ்வளவு தள்ளியது என்பதைத் தரையிலிருந்த நிரல் பவுண்டு-விசை வினாடியில் எழுதியது. வழிகாட்டும் குழுவின் நிரல் அதை நியூட்டன்-வினாடி என்று படித்தது. 4.45 மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு தள்ளலும் மிகச் சிறியதுதான், ஆனால் ஒன்பது மாதப் பயணம் முழுவதும் அது சேர்ந்துகொண்டே வந்தது. 226 கிலோமீட்டருக்குக் குறிவைத்திருந்தார்கள். கடைசி வாரத்தில் கணிப்பு 150 முதல் 170 என்று இறங்கியது, சேர்வதற்கு ஒரு நாள் முன் 110. கலம் தாங்கக்கூடிய எல்லை 80. செப்டம்பர் 23 அன்று உண்மையில் அது கடந்தது சுமார் 57 கிலோமீட்டரில். கடைசி நேரத் திருத்தம் ஒன்றைப் பற்றிப் பேசினார்கள், செய்யவில்லை. என்ஜின் அன்று சொன்னபடி எரிந்தது.

ஆகவே என் மாணவர்களிடம் நான் விடாமல் கேட்பது ஒரு சிறு பட்டியல்: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு தேதியையும் கணித்த உயரத்தையும் தாளில் எழுத வேண்டும். திரையில் ஓர் எண் மட்டும் தெரியும், அது சரியாகவே தோன்றும். தாளில் ஐந்து எண்கள் வரிசையாக இருந்தால் அவை எந்தப் பக்கம் போகின்றன என்பது ஒரு நொடியில் தெரியும்.

அலகு, ஒளி, உந்தி மூன்றையும் சரிபார்த்த பிறகும் எண்கள் ஒரே பக்கம் போனால், தாளோடு நிபுணரிடம் போங்கள். அதற்குள் குறியை வெளியே தள்ளி வைத்து ஓட்டுங்கள். உயரம் கூடினால் எரிபொருள்தான் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

## அறிகுறி 4: பாதை கிடைத்தது, சாய்வு தவறு

சாய்வு என்பது பாதைக்கும் செவ்வாயின் நடுக்கோட்டுக்கும் இடையே உள்ள கோணம். துருவங்களுக்கு மேல் போக வேண்டிய கலம் நடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுகிறது, அல்லது எதிர்த்திசையில் சுற்றுகிறது. பி-தளத்தின் இரண்டு எண்களைப் பாருங்கள்: குறிவைத்த புள்ளி நடுக்கோட்டுக்கு இணையாக எவ்வளவு தள்ளி என்பது பிடாட்-டி, வடக்கு தெற்காக எவ்வளவு தள்ளி என்பது பிடாட்-ஆர். துருவப் பாதைக்குப் பிடாட்-டி சுழியமாகவும் பிடாட்-ஆர் முழுத் தூரமாகவும் இருக்க வேண்டும். பிடாட்-டி நேர்க்குறி என்றால் கலம் செவ்வாய் சுழலும் திசையில் சுற்றும், எதிர்க்குறி என்றால் எதிர்த்திசையில். பிடாட்-ஆரின் குறி மாறினால் வடக்குப் பக்கம் கடக்க வேண்டியது தெற்கே கடக்கும். இவற்றைச் செவ்வாயின் நடுக்கோட்டு அச்சில்தான் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள்.

சிலர் சாய்வு 5 பாகை வேண்டும் என்று எவ்வளவு முயன்றும் 20-க்குக் கீழே வருவதில்லை. அதில் பிழை எதுவும் இல்லை. கலம் செவ்வாயின் நடுக்கோட்டுக்கு எத்தனை பாகை மேலேயோ கீழேயோ இருந்து வருகிறதோ, அதைவிடக் குறைந்த சாய்வில் அதை நேராக நிறுத்த முடியாது.

## அறிகுறி 5: எரிப்பு பாதியில் நிற்கிறது, அல்லது எரிபொருள் குறையவே இல்லை

பாதியில் நின்றால் தொட்டியின் கொள்ளளவையும் எரிபொருள் எடையையும் பாருங்கள். மங்கள்யான் புறப்படும்போது அதன் எடை 1,337 கிலோ, அதில் 852 கிலோ எரிபொருள். செவ்வாய்க்குப் போகும் கலத்துக்குப் பாதிக்கு மேல் எரிபொருள் தேவைப்படுவது இயல்பே.

குறையவே இல்லையென்றால், முதலில் எரிப்புப் பெட்டியில் எடையைக் கழிக்கும் தேர்வு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து என்ஜினின் ஐஎஸ்பி, அதாவது எரிபொருளை அது எவ்வளவு திறனோடு பயன்படுத்துகிறது என்று காட்டும் எண். அது வினாடியில் சுமார் 310 என்று இருக்க வேண்டும். அதே என்ஜினுக்கு வெளியேறும் வாயுவின் வேகத்தை மீட்டரில் எடுத்து 3,040 என்று போட்டால், பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான எரிபொருளை மட்டும் செலவழித்துக் கலம் அழகாக நிற்கும். இந்த இரண்டு பிழைகளும் ஆபத்தானவை, ஏனென்றால் விடை சரியாகத் தெரிகிறது.

கணினியில் என்ஜின் ஒருபோதும் பழுதாவதில்லை. ஆனால் மூத்த மாணவர்களுக்கு நான் வேண்டுமென்றே எரிப்பை நடுவில் நிறுத்தும் பயிற்சி தருகிறேன். ஜப்பானின் அகாட்சுகி 2010 டிசம்பர் 7 அன்று வெள்ளியில் பன்னிரண்டு நிமிடம் எரிய வேண்டிய என்ஜினை இரண்டரை நிமிடத்தில் இழந்தது. எரிபொருள் குழாயின் வால்வில் உப்புப் படிந்து அழுத்தம் குறைந்திருந்தது. கலம் சூரியனைச் சுற்றத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பர் 7 அன்று, திசை திருப்ப மட்டுமே வைத்திருந்த சிறு உந்திகளை இருபது நிமிடம் இயக்கி அதே வெள்ளியில் நிறுத்திவிட்டார்கள். மங்கள்யானிலும் ஏறக்குறைய 300 நாள் உறங்கிய என்ஜினை, சேர்வதற்கு இரண்டு நாள் முன்னால் நான்கு வினாடி எரித்துப் பார்த்த பிறகே நம்பினார்கள். உங்கள் திட்டத்திலும் அந்தச் சோதனைக்கு இடம் வையுங்கள்.

## அறிகுறி 6: கணக்கு முடியவே இல்லை

திருத்தும் கருவி சுற்றிச் சுற்றி ஓடிக் கடைசியில் விடை இல்லை என்கிறது. பெரும்பாலும் ஒரே காரணம்: ஒரு தாவலின் உச்ச அளவு முன்னிருப்பாக 0.2 என்று இருக்கும். அது வினாடிக்கு 200 மீட்டர். 200 நாள் பயணத்தில் 34 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தாவல். இலக்கைத் தாண்டி அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று கருவி அலைகிறது. நூறில் ஒரு பங்காக 0.002 என்று குறையுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் குறிவைக்கும் எண்களில் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டி, விடை வந்தபின் அதிலிருந்து தொடங்கி மற்றதைச் சேருங்கள். மாற்ற அனுமதித்த எண்களைவிட எட்ட வேண்டிய இலக்குகள் அதிகமாக இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள். இதெல்லாம் செய்தும் விடை வராவிட்டால் தொடக்க ஊகமே வெகுதூரம் விலகியிருக்கிறது. அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 7: ஹார்ட்பீஸ்ட்ஹுக்கிலிருந்து தொடர்பு நேரம் பொருந்தவில்லை

ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ள இந்த வானொலி ஆன்டெனா நிலையத்தை எங்கள் மாணவர்கள் விருப்பத்தோடு சேர்த்துக்கொள்கிறார்கள். 1961-இல் நாசா கட்டியது அது. 1965-இல் மரினர் 4 அனுப்பிய செவ்வாய்ப் படங்களைப் பெறுவதில் அதன் 26 மீட்டர் தட்டு ஆன்டெனாவுக்குப் பங்கு உண்டு. நம் மண்ணில் அப்படி ஒரு தட்டு நின்றது என்று கேட்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

பிழை எப்போதும் ஒன்றுதான். அட்சரேகை 25.9 என்று எழுதிக் கழித்தல் குறியை விட்டுவிடுகிறார்கள். நிலையம் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் போய் உட்காருகிறது. அட்சரேகை மைனஸ் 25.9, தீர்க்கரேகை பிளஸ் 27.7 என்று எழுதுங்கள். அதன் பிறகும் இரண்டு மணி நேரம் தள்ளி வந்தால் அறிக்கை உலக நேரத்தில் இருக்கிறது, இரண்டு மணியைக் கூட்டிப் படியுங்கள். நிமிடக் கணக்கில் மட்டும் விலகினால் ஒளி வந்து சேரும் நேரத்தைச் சேர்க்கவில்லை. மங்கள்யான் நின்ற நாளில் அது பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். சேரும் நேரத்தில் தொடர்பு முழுதாக அறுந்தால் கலம் செவ்வாய்க்குப் பின்னால் போயிருக்கிறதா என்று படத்தில் பாருங்கள். மறைவு தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் உங்கள் கணிப்போடு பொருந்தினால் அங்கே சரிசெய்ய எதுவும் இல்லை.